பின்லாந்தின் ஒற்றையாள் பிளாக் மெட்டல் டெமோ: கேசட் அட்டை முதல் கடைசி நொடி வரை கேட்பதற்கு ஒரு முழு வழிகாட்டி

என் மேசைமேல் ஒரு கேசட் இருக்கிறது. பின்லாந்திலிருந்து வந்த பிளாக் மெட்டல் டெமோ: அதாவது வேகமும் அலறலும் இருட்டும் கலந்த ராக் வகை ஒன்றில், ஒருவர் தானே பதிவு செய்து கைமாற்றிய மாதிரிப் பதிவு. முன்னட்டையில், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கறுத்துப்போன ஒரு காடு. அதற்கு மேலே, வேர்கள் பின்னிக்கொண்டதுபோல, எவராலும் படிக்க முடியாத ஒரு பெயர். நான்கு பாடல்கள், சுமார் 19 நிமிடம். டிரம்ஸ், கிட்டார், குரல் எல்லாம் ஒரே ஆள். அவர் யார் என்று அட்டை சொல்லவில்லை. சொல்ல அவருக்கு விருப்பமும் இல்லை. ஆகவே நானும் அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

இப்படிப்பட்ட கேசட் முதன்முறை கையில் கிடைக்கும்போது பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. அரை நிமிடம் கேட்டுவிட்டு ‘வெறும் இரைச்சல்’ என்று தூக்கிப் போடுவார்கள். இல்லையென்றால், எவருக்கும் தெரியாத பொருள் என்பதாலேயே அதை மேதைமை என்று கொண்டாடுவார்கள். இரண்டுமே கேட்காமல் தப்பிக்கும் வழிகள். இவற்றில் பெரும்பாலானவை சுமாரான பதிவுகள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுமாரான பதிவும் தான் எப்படிச் செய்யப்பட்டது என்பதை மறைக்க முடியாது. பெரிய ஸ்டூடியோவில் செய்த ஆல்பத்தில் துடைத்தெடுக்கப்படும் தடயங்கள் எல்லாம் இங்கே அப்படியே கிடக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தால், ஓர் அறையில் ஒருவர் எந்த வரிசையில் என்ன செய்தார் என்பதைக் காதாலேயே பின்தொடரலாம். இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

முதல் படி: பிளேயரில் போடாதீர்கள், அட்டையைப் படியுங்கள்

பின்லாந்தின் டெமோக்களில் ஆண்டு எழுதப்படாமல் இருப்பது சாதாரணம். எழுதியிருந்தாலும் நம்ப வேண்டியதில்லை. பத்தாண்டு கழித்துச் செய்த கேசட்டில் பழைய ஆண்டைப் போட்டுக்கொள்ளும் ஆசை பலருக்கு உண்டு. ஆனால் அஞ்சல் முகவரி பொய் சொல்வது அரிது. கடிதம் வந்து சேர வேண்டுமே.

முகவரியில் ஊர்க்குறியீட்டுக்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். ‘எஸ்எஃப்’ என்ற முன்னொட்டு ‘சுவோமி-பின்லாந்து’ என்பதன் சுருக்கம். 1993ல் வண்டிகளின் நாட்டுக் குறியீடு ‘எஃப்ஐஎன்’ என்று மாறியது. முகவரிகளிலும் மெல்ல மெல்ல அதுவே வந்தது. ஆக, ‘எஸ்எஃப்’ இருந்தால் அநேகமாக தொண்ணூறுகளின் முற்பாதி. பழக்கதோஷத்தில் சில ஆண்டுகள் கூடுதலாக எழுதியவர்களும் இருப்பார்கள் என்பதால் இதை எல்லைக்கல்லாகக் கொள்ளாமல் சாட்சியாக மட்டும் கொள்ளுங்கள். அடுத்து வரும் ஐந்து இலக்கங்கள் ஊரைச் சொல்லிவிடும்: 96ல் தொடங்கினால் ரோவனியெமி, 90 என்றால் ஒவுலு, 53 என்றால் லப்பேன்ரந்தா, 20 என்றால் துர்க்கு, 15 என்றால் லஹ்தி. இந்த ஊர்களின் பெயர்கள் பிளாக் மெட்டல் கேட்பவர்களுக்குப் புதியவை அல்ல. பெஹெரித் ரோவனியெமியிலிருந்தும், இம்பேல்ட் நாசரீன் ஒவுலுவிலிருந்தும், ஹோர்னா லப்பேன்ரந்தாவிலிருந்தும், ஆர்ச்கோட் துர்க்குவிலிருந்தும் வந்த குழுக்கள்.

விலை எழுதியிருக்கிறதா? மார்க்கா என்றால் 2002க்கு முன். அந்த ஆண்டு ஜனவரியில்தான் யூரோ நோட்டுகள் கைக்கு வந்தன. தொலைபேசி எண் இருந்தால் அதிர்ஷ்டம்: 1996 அக்டோபரில் பின்லாந்தின் பகுதிக் குறியீடுகள் எல்லாம் மாற்றப்பட்டன, ஹெல்சிங்கியின் 90 என்பது 09 ஆனது. மின்னஞ்சல் முகவரி இருந்தால் தொண்ணூறுகளின் பிற்பகுதிக்கு வந்துவிட்டீர்கள். ‘பதில் கூப்பன் அனுப்பவும்’ என்ற வரி இருந்தால், வெளிநாட்டுக் கடிதங்களுக்குத் தபால் செலவை ஈடுகட்டும் பன்னாட்டுக் கூப்பன்கள் புழங்கிய காலம் என்று அர்த்தம். பழுப்பு உறைக்குள் கேசட்டும் கூப்பனும் வைத்துத்தான் இந்த இசை கண்டம் கடந்து போயிற்று.

பின்லாந்தின் மொழியான பின்னிய மொழியில் நான்கைந்து சொற்கள் தெரிந்தால் அட்டையின் மீதி திறந்துவிடும். ‘ஆனிதெத்து’ என்றால் பதிவு செய்யப்பட்டது. ‘தல்வி’ என்றால் குளிர்காலம். ‘கைக்கி’ என்றால் எல்லாம். இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தால் அதுதான் உங்கள் ஒற்றையாள். மாதப் பெயர்கள் எல்லாம் ‘கூ’ என்று முடியும்: ‘தம்மிகூ’ ஜனவரி, ‘மர்ரஸ்கூ’ நவம்பர். ‘கூ’ என்பதற்கு நிலவு என்றும் மாதம் என்றும் இரண்டு பொருள். நம் திங்கள் போலவே. ‘மர்ரஸ்’ என்பது சாவைக் குறிக்கும் பழஞ்சொல் என்பதால், நவம்பரில் பதிவு செய்தேன் என்று எழுதுவதே இந்த ஆட்களுக்குப் பாதிக் கவிதை.

என் கேசட்டில் இருந்தது ஒரு தபால் பெட்டி எண்ணும், 53ல் தொடங்கும் குறியீடும், ‘எஃப்ஐஎன்’ முன்னொட்டும், மார்க்காவில் ஒரு விலையும். மின்னஞ்சல் இல்லை. அதாவது 1993க்கும் 2001க்கும் நடுவே. அட்டை அதற்கு மேல் சொல்லாது.

இரண்டாம் படி: கேசட்டையும் டெக்கையும் தயார் செய்தல்

இது அலுப்பான வேலை, தாண்டிப் போகாதீர்கள். கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளும் உடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். உடையாமல் இருந்தால் நீங்களே உடைத்துவிடுங்கள். தவறுதலாக ரெக்கார்ட் பட்டனை அழுத்தி, உலகில் சில டஜன் பிரதிகளே இருக்கும் ஒன்றின் மேல் உங்கள் வீட்டு மின்விசிறிச் சத்தத்தைப் பதிவு செய்த கதைகள் உண்டு. எனக்கு நடந்தது வேறு ஒரு கேசட்டில். ஏழு விநாடி போயிற்று, இன்னும் மறக்கவில்லை.

கேசட்டை ஓட்டும் டெக்கில், டேப்பைப் படிக்கும் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பல ஆண்டு ஓடாத டேப்பை இருபுறமும் ஒருமுறை முழுக்கச் சுற்றி விடுங்கள். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் பிரியும். ஐந்து திருகாணி வைத்த கேசட் என்றால், உள்ளே அழுத்தப் பஞ்சு கழன்றிருந்தாலும் திறந்து வேறு கூட்டுக்கு மாற்றலாம். ஒட்டி மூடிய வகை என்றால் கத்தி எடுப்பதற்கு முன் இரண்டு நாள் யோசியுங்கள்.

டால்பி எனும் இரைச்சல் குறைப்பை அணைத்தே வையுங்கள். வீட்டிலேயே நகலெடுத்த கேசட்டில் எந்தப் பிரதி டால்பியோடு எடுக்கப்பட்டது, எது இல்லாமல் எடுக்கப்பட்டது என்று அறிய வழியில்லை. தவறாகப் போட்டால் ஏற்கெனவே மங்கலாக இருக்கும் மேல்சத்தமும் போய்விடும்.

கடைசியாக, ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணி. ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வது அதுதான். இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து மோனோவில் கேட்டுக்கொண்டே, மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். மூடிய கதவுக்குப் பின்னால் இருந்ததுபோல ஒலித்த சிம்பல் திடீரென்று அறைக்குள் வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்துங்கள். இரவல் வாங்கிய டெக் என்றால் இதைச் செய்யாதீர்கள், நட்பு கெடும்.

மூன்றாம் படி: வேகம் சரியா?

பலரும் கவனிக்காத இடம் இது. எனக்கு மிகப் பிடித்ததும் இதுவே.

கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். ஆனால் அவர் பதிவு செய்த பெட்டி, அவர் நகலெடுத்த டெக், அந்த நகலை வாங்கிய நண்பர் மறுபடி நகலெடுத்த டெக் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பிசகியவை. அந்தப் பிசகு சேர்ந்தால் பாட்டின் சுருதியும் வேகமும் மாறிவிடும். ‘வெறித்தனமான வேகம்’ என்று ஒருவர் புகழ்ந்து எழுதிய டெமோ உண்மையில் நான்கு சதவீதம் வேகமாக ஓடிய நகலாக இருக்கலாம்.

கிட்டாரின் தடித்த தந்தியை வைத்துக் கணக்கிடலாம் என்று தோன்றும். அது ‘இ’ சுருதியில் கட்டப்பட்டிருந்தால் 82.4 ஹெர்ட்ஸ் வர வேண்டும். ஆனால் தனியாக வாசிப்பவருக்கு யாரோடும் சுருதி சேர வேண்டிய கட்டாயம் இல்லை; தந்தி எங்கே நின்றதோ அங்கேயே வாசித்திருப்பார். ஆகவே கிட்டாரை நம்பாதீர்கள். மின்சாரத்தை நம்புங்கள்.

பின்லாந்தின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிஸ்டார்ஷன் ஏற்றிக் கரகரப்பாக்கிய கிட்டார் ஆம்பிளிஃபயர், வாசிக்காமல் சும்மா இருக்கும்போது ஒரு ரீங்காரம் எழுப்பும். அந்த ரீங்காரம் 50, 100, 150 ஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும். பாடல் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு விநாடியில், விரல் தந்தியைத் தொடுவதற்கு முன்னால், அது தெளிவாகப் பதிவாகியிருக்கும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அலைவரிசை வரைபடத்தைப் பாருங்கள். 50க்குப் பதில் 52ல் ஒரு முகடு நின்றால் உங்கள் பிரதி நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது. 53 என்றால் ஏறக்குறைய ஓர் அரைச்சுரமே கூடிவிட்டது. துல்லியம் வேண்டுமானால் 150 ஹெர்ட்ஸுக்கு அருகிலுள்ள முகட்டைப் படித்து மூன்றால் வகுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான். டெக்கை நிறுத்திவிட்டு, டேப் ஓடாத நிலையில் முதலில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அதில் தெரிவது உங்கள் அறையின் ரீங்காரம். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் டேப்பிலிருந்து வருவது. சில நேரம் ஒன்றல்ல, இரண்டு மூன்று முகடுகள் அடுத்தடுத்து நிற்கும்: 49.1, 50.8, 51.6 என்பதுபோல. ஒவ்வொன்றும் ஒரு டெக், ஒரு நகல். கிட்டார் ஒலி அடங்கும்போது சேர்ந்து அடங்கும் முகடு எதுவோ அதுதான் அவருடைய ஆம்பிளிஃபயர். பாடல் முடிந்த பின்னும் தொடர்பவை நகலெடுத்தவர்களுடையவை. மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல, ஒரு கேசட் எத்தனை கை மாறி வந்தது என்று இதில் எண்ணலாம்.

நான்காம் படி: கணினிக்கு ஏற்றுதல்

24 பிட், 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத வேவ் கோப்பு. ஒரு பக்கம் முழுவதும் ஒரே கோப்பாக. பாடல்களாக வெட்டுவதையெல்லாம் பிறகு நகலில் செய்துகொள்ளுங்கள். இரைச்சல் நீக்கும் கருவிகள் பக்கமே போகாதீர்கள். இந்த இசையில் டேப்பின் ‘ஸ்ஸ்’ எங்கே முடிகிறது, சிம்பல் எங்கே தொடங்குகிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. பல இடங்களில் எனக்கே தெரிவதில்லை. வேகத் திருத்தத்தையும் தனிக் கோப்பில் செய்து, எத்தனை சதவீதம் என்று எழுதி வையுங்கள்.

இணையத்தில் கிடைத்த கோப்பை வைத்துத் தொடங்குகிறீர்கள் என்றால் ஒரு சோதனை: மேல் அலைவரிசைகள் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல நின்றால், அது எங்கோ ஒருமுறை எம்பி3 ஆகச் சுருக்கப்பட்டது. கேசட்டில் மேல்சத்தம் சரிவாகத்தான் தேயும், சுவர்போல நிற்காது.

ஐந்தாம் படி: எது முதலில் பதிவானது?

முதல் கேட்பில் குறிப்பு எடுக்காதீர்கள். சத்தத்தைக் குறைவாக வைத்து, ஒலிபெருக்கியில், வேறு வேலை ஏதாவது செய்துகொண்டே கேளுங்கள். ஹெட்போனில் உரக்கக் கேட்டால் இரைச்சல்தான் காதை நிரப்பும். குறைந்த சத்தத்தில், இரைச்சலுக்கு அடியிலிருந்து ராகம் மேலே மிதந்து வரும்.

இரண்டாம் கேட்பில் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். முதல் கேள்வி, மனிதரா இயந்திரமா? இயந்திரம் என்றால் ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழும். ஆறு நிமிடம் தொடர்ச்சியாக அதிவேகத் தாளம் போனாலும் கை சோராது. 1990ல் வந்த அலெசிஸ் எஸ்ஆர்-16 போன்ற பெட்டிகள் டிரம்ஸ் வாங்க இடமோ பணமோ இல்லாதவர்களுக்கு வரப்பிரசாதமாக இருந்தன. மனிதர் என்றால் இரண்டு நிமிடத்துக்குப் பிறகு தாளம் இழுபடத் தொடங்கும், ஸ்நேர் என்ற கூர்மையான டிரம்மின் அடிகளில் ஒன்று விட்டு ஒன்று மெலியும்.

மனிதர்தான் என்று தெரிந்துவிட்டதா? இனிமேல்தான் சுவாரஸ்யம். ஒற்றையாள் வேறு வழியில்லாமல் வாத்தியங்களை ஒவ்வொன்றாகத்தான் வாசிக்க முடியும். பெரும்பாலோர் டிரம்ஸை முதலில் பதிவு செய்கிறார்கள். அதாவது, இன்னும் இல்லாத ஒரு கிட்டாருக்கு, மனதுக்குள் ராகத்தை ஓட்டிக்கொண்டு, எண்ணிக்கை வைத்துத் தாளம் போடுகிறார். பிறகு கிட்டாரை எடுத்துக்கொண்டு தன்னுடைய தாளத்தையே துரத்துகிறார். ரிஃப், அதாவது கிட்டார் திரும்பத் திரும்ப வாசிக்கும் சிறு இசைத்துண்டு, மாறும் இடங்களைக் கவனியுங்கள். டிரம்ஸ் தயக்கமில்லாமல் திரும்பும். கிட்டார் ஒரு கணம் பிந்தி வந்து சேரும். குழுவாக வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதால், சேர்ந்தே திரும்புவார்கள், தவறினாலும் சேர்ந்தே தவறுவார்கள். இங்கே தவறுவது எப்போதும் ஒருவர்தான், அதுவும் தன்னைப் பார்த்தே.

என் கேசட்டின் மூன்றாம் பாடலில் ஓர் இடம் இருக்கிறது. ரிஃப் நான்கு முறை வர வேண்டும். டிரம்ஸ் வாசிக்கும்போது எண்ணிக்கை தப்பி மூன்றாம் முறையிலேயே அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். கிட்டார் பதிவு செய்யும்போது அது தெரிய வந்திருக்கும். மறுபடி டிரம்ஸிலிருந்து தொடங்க மனமில்லை. நான்காம் சுற்றைப் பாதியில் முறித்து, ஒரு அலறலைப் போட்டு மூடியிருக்கிறார். முதல் நாலைந்து முறை கேட்டபோது அதைத் துணிச்சலான இசையமைப்பு என்றே நினைத்தேன். இப்போது விபத்து என்று தெரிகிறது. பிடித்தம் குறையவில்லை.

அடுத்து, மங்கலை அளவுகோலாக வையுங்கள். டாஸ்காம் நிறுவனம் 1979ல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோ வகைப் பெட்டிகள் சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதிவு செய்தன. டிரம்ஸ், இடது கிட்டார், வலது கிட்டார் என மூன்று தடம் நிறைந்துவிட்டால் குரலுக்கு ஒன்றுதான் மிச்சம். பேஸ் கிட்டாரும் வேண்டும், கீபோர்டும் வேண்டும் என்றால், நிறைந்த மூன்றையும் கலந்து நான்காம் தடத்துக்கு மாற்றிவிட்டுப் பழைய மூன்றை அழிக்க வேண்டும். மாற்றிய பின் திரும்ப வழியில்லை. டிரம்ஸ் அதிகமாகிவிட்டது என்றால் அதிகமாகவே இருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு மாற்றலிலும் மேல்சத்தம் ஒரு படி தேயும். ஆகவே, பதிவில் எது மிக மங்கலாக ஒலிக்கிறதோ அது முதலில் பதிவானது, எது கூர்மையாக நிற்கிறதோ அது கடைசி. பல டெமோக்களில் டிரம்ஸ் கம்பளிக்குள்ளிருந்து கேட்பதும், குரல் முகத்துக்கு நேரே கத்துவதும் இதனால்தான். ‘வேண்டுமென்றே செய்த கலை’ என்று இதற்கு விளக்கம் எழுதுபவர்கள் தடங்களை எண்ணிப் பார்க்கவில்லை. இந்த முறைக்கு முன்னோடிகள் உண்டு: நார்வேயின் டார்க்த்ரோன் குழு 1994ல் வெளியிட்ட ஆல்பத்தில் எல்லா வாத்தியங்களையும் ஃபென்ரிஸ் ஒருவரே சிறிய நான்கு தடப் பெட்டியில் பதிவு செய்தார். அதைக் கேட்ட பிறகு ஸ்டூடியோ இல்லை என்ற காரணத்தை எவராலும் சொல்ல முடியவில்லை.

கிட்டார் ஒன்றா இரண்டா என்று சந்தேகம் வந்தால், மென்பொருளில் ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டுங்கள். நடுவில் இருப்பவை மறையும். ஒரே ரிஃபை இரண்டு முறை வாசித்து இடமும் வலமும் வைத்திருந்தால், இரண்டும் துல்லியமாகப் பொருந்தாததால் கிட்டார் மறையாமல் மிஞ்சும். எல்லாமே மறைந்தால் அது மோனோ.

அறையையும் கேளுங்கள். பின்லாந்தின் பெரிய அடுக்குமாடிகளில் சட்டப்படி கான்கிரீட் பாதுகாப்பு அறை கட்ட வேண்டும். போர் வராத நாள்களில் அந்த அறைகள் சைக்கிளும் பழைய சாமானும் போட்டுவைக்க உதவும், சில இடங்களில் இளைஞர்கள் வாசித்துப் பழகவும் உதவும். கான்கிரீட்டின் எதிரொலி குட்டையாகவும் உலோகத்தன்மையோடும் எல்லா வாத்தியங்கள்மேலும் விழும். குரலில் மட்டும் நீண்ட குகை எதிரொலி, டிரம்ஸில் எதுவுமே இல்லை என்றால் அது எதிரொலிப் பெட்டி. குகை கடையில் வாங்கியது.

ஆறாம் படி: அலறலுக்குள் மொழி

வரிகள் அச்சிட்டிருந்தால் நல்லது. இல்லையென்றாலும் எந்த மொழி என்றாவது கண்டுபிடிக்கலாம். பின்னிய மொழியில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும். அலறலாக இருந்தாலும் ஒவ்வொரு சொல்லின் தலையிலும் சம்மட்டி விழுவது கேட்கும். ஆங்கிலத்தில் கத்துகிறவரிடம் இந்த ஒழுங்கு வராது.

இந்த விஷயத்தில் தமிழ்க் காதுக்கு ஓர் அனுகூலம் உண்டு. குறில் நெடில் வேறுபாட்டையும், இரட்டிக்கும் மெய்யையும் நாம் பிறந்ததிலிருந்தே கேட்டுப் பழகியவர்கள். பின்னிய மொழியில் ‘துலி’ என்றால் நெருப்பு, ‘தூலி’ என்றால் காற்று, ‘துல்லி’ என்றால் சுங்கம். ஐரோப்பியர் பலர் தடுக்கி விழும் இந்த இடத்தில் நமக்குச் சிரமமே இல்லை. உருபுகளும் சொல்லின் பின்னால்தான் ஒட்டும்: ‘மெத்சா’ காடு, ‘மெத்சாஸ்ஸா’ காட்டில். 1856ல் கால்டுவெல் திராவிட மொழிகளைப் பின்னியம் உள்ளிட்ட மொழிகளோடு உறவுபடுத்திப் பார்த்தார். அந்த உறவு நிரூபணமாகவில்லை. ஆனால் ஒரு பின்னியப் பாடலைச் சொல் சொல்லாகப் பிரிக்க உட்காரும்போது அவருக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று புரியும்.

வந்துகொண்டே இருக்கும் சொற்கள் சில: ‘யோ’ இரவு, ‘குவோலெமா’ சாவு, ‘ஹௌதா’ கல்லறை, ‘பிமெய்ஸ்’ இருள். ‘துவோனெலா’ என்பது பழைய நம்பிக்கைகளில் இறந்தோர் உலகம். லொன்ரோத் தொகுத்து 1835லும் விரிவாக்கி 1849லும் வெளியிட்ட பின்லாந்தின் காவியமான கலேவலாவில் அதை விரிவாகக் காணலாம். ‘காமோஸ்’ என்பது வடக்கே சூரியன் பல வாரங்கள் எழாமலேயே இருக்கும் பருவம். நாட்டின் வடகோடியான உத்ஸ்யோகியில் அது ஏழு வாரத்துக்கு மேல் நீடிக்கும். லப்பேன்ரந்தா போன்ற தெற்கத்திய ஊரில் இருந்துகொண்டு ஒருவர் காமோஸ் பற்றிப் பாடினால், அது இரவல் இருட்டு. தவறில்லை, ஆனால் கவனித்து வையுங்கள். ‘பெர்கெலே’ என்ற சொல்லைக் கேட்டதும் இறையியல் விளக்கம் தேடாதீர்கள். பழைய பால்டிக் இடிக்கடவுளின் பெயரிலிருந்து வந்தது என்று அறிஞர்கள் கருதும் அந்தச் சொல் சாத்தானைக் குறித்தது உண்மை. சுத்தியல் விரலில் பட்டாலும் பின்லாந்துக்காரர் அதைத்தான் சொல்வார்.

ஏழாம் படி: எந்தக் கிளை?

பின்லாந்தின் பிளாக் மெட்டலில் இரண்டு ஓடைகள் தெளிவாகப் பிரியும். முதலாவது, 1989, 1990ல் தொடங்கிய பெஹெரித், ஆர்ச்கோட் போன்றவை: தாழ்ந்த சுருதி, காட்டுத்தனம், டெத் மெட்டல் என்ற உறுமல் இசையின் கனம், ராகத்துக்கு இடமில்லை. டெமோ எங்கே முடிகிறது, ஆல்பம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லையே அங்கே கலங்கலானது. பெஹெரித்தின் முதல் ஆல்பமாகக் கடைக்கு வந்தது உண்மையில் ஒரு டெமோவையும் ஒரு சின்ன வினைல் தட்டையும் சேர்த்துக் கட்டியது. அதே குழுவின் தலைவர் 1994ல் கிட்டாரையே ஓரம்கட்டிவிட்டு மின்னணு இசைக்குப் போனார்.

இரண்டாவது ஓடை தொண்ணூறுகளின் நடுவிலிருந்து: ஹோர்னாவும், அதன் கிட்டார் கலைஞர் ஷத்ரௌக் 1999ல் தனியாகத் தொடங்கிப் பின்னர் குழுவான சார்கீஸ்ட்டும். இங்கே ரிஃப்கள் அழும். தாளம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் மேலே ஒரு சோக ராகம் நிதானமாக நடக்கும். ஒற்றையாளாகத் தொடங்கிக் குழுவாவது பின்லாந்தில் அடிக்கடி நடப்பது. 1992ல் ஒருவரின் தனி முயற்சியாகத் தொடங்கிய தை செர்பன்ட் 1996ல் முதல் ஆல்பம் வந்தபோது குழுவாகியிருந்தது.

உங்கள் டெமோவின் ஒரு ரிஃபை எடுத்து, வேகத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்து, வாயால் முணுமுணுத்துப் பாருங்கள். இரண்டாம் ஓடையைச் சேர்ந்தது என்றால் பின்லாந்தின் டாங்கோ போல ஒலிக்கும். கேலியாகச் சொல்லவில்லை. அந்த நாட்டில் டாங்கோ என்பது தாத்தா பாட்டிகளின் இசை, பெரும்பாலும் சோகச் சுருதியில். செய்னயொகி ஊரில் 1985 முதல் அதற்குத் திருவிழாவே நடக்கிறது. பிளாக் மெட்டல் வழக்கப்படி முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய பேரன், பாட்டியின் வானொலியிலிருந்து தப்பவில்லை என்பது என் கணிப்பு.

எட்டாம் படி: அழுக்கைப் பார்க்காமல் விடாதீர்கள்

இந்த வட்டாரத்தில் தீவிர வலதுசாரி, இனவெறிச் சிந்தனை கொண்ட சில ஆட்களும் லேபிள்களும் (வெளியீட்டு நிறுவனங்கள்) இருந்தார்கள், இருக்கிறார்கள். காடு, குளிர், சாவு என்று பாடும் நூறு டெமோக்களுக்கு நடுவே அதுவும் கிடக்கும், அதே மாதிரி அட்டையோடு. நன்றி சொல்லும் பட்டியலைப் படியுங்கள். யார் வெளியிட்டது, அதே லேபிள் வேறு என்னென்ன வெளியிட்டது என்று பாருங்கள். அட்டையின் சின்னங்களைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வரிகளை மொழிபெயர்த்துப் பார்க்காமல் ‘இசையை மட்டும் ரசிக்கிறேன்’ என்பது, நமக்கு மொழி தெரியாது என்பதை வசதியாக்கிக்கொள்வது. அப்படி ஏதாவது தெரியவந்தால் ஆவணத்தில் அதையும் எழுதுங்கள். பணம் கொடுத்து வாங்குவதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். நான் இரண்டு கேசட்டுகளை வாங்காமல் விட்டிருக்கிறேன். அதில் ஒன்று நல்ல இசை.

ஒன்பதாம் படி: எழுதி வைத்தல், பகிராமல் இருத்தல்

பின்லாந்தில் 1981 முதல் ஒலிப்பதிவுகளும் சட்டப்படி தேசிய நூலகத்துக்குக் கொடுக்கப்பட வேண்டியவை. படுக்கையறையில் செய்து நண்பர்களுக்கு அனுப்பியவை அந்த வலையில் சிக்குவதில்லை. ஆகவே உங்கள் குறிப்பேடே பல நேரம் ஒரே ஆவணம். கேசட்டின் வகை, இரு பக்க நீளம், கண்ட முகடுகள், வேகத் திருத்தம், அட்டையில் உள்ள ஒவ்வொரு எழுத்தும், எங்கிருந்து எப்போது கைக்கு வந்தது என்பதும். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். ‘1996 அல்லது அதற்குப் பின், முகவரியை வைத்து’ என்பது வெறும் ‘1996’ஐவிட நேர்மையானது.

கோப்பை இணையத்தில் ஏற்றத் துடிக்கும் கையை அடக்குங்கள். எவருக்கும் தெரியாத பதிவு என்பதால் உரிமை காலாவதியாகிவிடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 70 ஆண்டு பாதுகாப்பு. 1996ல் வெளியான டெமோவுக்கு 2066 முடியும்வரை. பாடலை இயற்றியவருக்கோ வாழ்நாளும் அதன் பிறகு 70 ஆண்டும். செய்தவர் இன்று ஐம்பதை நெருங்கும் ஒரு மின்பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருக்கலாம். முடிந்தால் லேபிள் வழியாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வராததையே பதிலாகக் கொள்ளுங்கள். அவருடைய இயற்பெயரைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் குறிப்பேட்டில்கூட எழுதாதீர்கள்.

இன்னொன்று. கடைசிப் பாடல் முடிந்ததும் டெக்கை நிறுத்தாதீர்கள். டேப் தானாக நிற்கும்வரை பதிவு ஓடட்டும், இரண்டு பக்கமும். புதிய கேசட் வாங்கக் காசில்லாதவர்கள் பழையதன் மேல் பதிவு செய்தார்கள். புதிய பதிவு எங்கே முடிகிறதோ அங்கே பழையது மேலே வரும். என் கேசட்டின் இரண்டாம் பக்கம், 27 நிமிடம் 40 விநாடியில், இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் மிக நிதானமாக எதையோ வாசிக்கிறது. ‘ஹாங்கோ’ என்றும் ‘உதோ’ என்றும் கேட்டது. இரண்டும் பின்லாந்தின் தென்கடலோரப் பெயர்கள். வானொலியில் மீனவருக்கும் மாலுமிக்கும் வாசிக்கப்படும் கடல் வானிலை. மூன்றாம் இடத்தின் காற்று வேகத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது டேப் முடிந்துவிடுகிறது. குறிப்பேட்டில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறேன்.